இதழ்ப் பக்கமும் தமிழெழுத்தும்

(கீழவைப்பாரில் நடந்த தமிழ்க் கூட்டமொன்றில் இதழ் வடிவமைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



இதழ் வடிவமைப்புத் தொழிலைப் பற்றிப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். இத்தகைய மேடைகளில் எழுதுகின்றவர்கள் பேசுவார்கள், பாடுகின்றவர்கள் பேசுவார்கள். அவர்கள் எழுதியதைத் தாளில் நிறுத்துகின்றவனைப் பேச அழைப்பது அரிது. இதழின் ஆசிரியர் பெயர் முகப்பில் இருக்கும். அச்சிட்டவர் பெயர் சட்டத்திற்காகக் கடைசிப் பக்கத்தில் இருக்கும். பக்கம் அமைத்தவன் பெயர் பெரும்பாலும் எங்கும் இராது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அறிமுகமாகச் சொல்கிறேன்.

வடிவமைப்பு என்றவுடன் அட்டைக்கு வண்ணம் பூசுவதையும், ஓரத்தில் பூவேலை செய்வதையும், தலைப்பைச் சாய்த்து வைப்பதையுமே பலர் நினைக்கின்றனர். அவை அத்தொழிலின் ஓரங்கள். ஒருவர் எழுதிய சொல்லை, அவர் கருதிய பொருள் சிதையாமல், படிப்பவர் கண் களைக்காமல், கையிலிருக்கும் தாளின் அளவிற்குள் கொண்டு சேர்ப்பதே அதன் நடு. அந்த நடுவைப் பற்றி எனக்கொரு முறையீடு உண்டு. தமிழ்ப் பக்கத்திற்குத் தமிழெழுத்தே அளவுகோலாக இருக்கவேண்டும். இன்று நம் மேசைமேல் இருக்கும் கணினியும் மென்பொருளும் உரோம எழுத்துக்கென வகுத்த அளவுகளை வயிற்றில் வைத்துக்கொண்டே வருகின்றன. நாமோ அந்த அளவுகளைத் தொட்டுப் பாராமல், அவற்றுக்குள் தமிழை இறக்கிவிட்டு, பக்கம் முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம்.

இதை இந்த ஊரில் நின்று சொல்வதற்குத் தனிக் கரணியம் உண்டு. வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்னும் ஏழு கடற்றுறைகளைப் பரதவரின் ஏழூர் என்று வரலாறு குறிக்கும். வைப்பாறு கடலோடு கலக்கும் இக்கரை அவ்வேழனுள் ஒன்று. தமிழெழுத்து முதன்முதலாக அச்சில் ஏறியதற்கும் இம்முத்துக்கரைக்கும் நேரான தொடர்பு உண்டு என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

போர்த்துக்கேயரான அண்டிரிக் அடிகளார் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் இக்கரைக்கு வந்தவர். மீனவரோடு வாழ்ந்து தமிழ் கற்றவர். ஏறத்தாழ ஐம்பதாண்டு இக்கரையில் உழைத்து 1600-இல் மறைந்தவர். அவர் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்கச் சிறுநூல் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி வெளிவந்தது. இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில், இம்மண்ணிலேயே முதலில் அச்சேறியது தமிழ் என்பதற்கு அச்சிறுநூல் சான்றாக நிற்கின்றது. தமிழ் அச்சுப் பணிக்கென்று இக்கரைப் பரதவர் 400 குருசாதோக் காசு திரட்டிக் கொடுத்தனர். மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி எடுத்தவர்களின் பணம் அது. நூல் சமயநூல், அதன் கொள்கையைப் பற்றி நான் இங்குப் பேசவில்லை. எழுத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அந்நூலின் கடைசிப் பக்கத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மூலப்படியை அன்று, அதன் ஒளிப்படத்தை. மூலம் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அக்கடைசிப் பக்கத்தில் இருவகை எழுத்து மாதிரிகள் அச்சிடப்பட்டுள்ளன. ஒன்று 1577-இல் கோவாவில் யோவான் கொன்சால்வசு வார்த்தது. மற்றொன்று 1578-இல் கொல்லத்தில் யோவான் தெ பாரியா வார்த்தது. முதல் வார்ப்பில் நிறைவு கிட்டாமையால் ஓராண்டிற்குள் இரண்டாம் வார்ப்பு செய்திருக்கிறார்கள். வடிவமைப்பாளன் கண்ணுக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறைக் குறிப்புப் போலத் தோன்றும். ‘இதைச் செய்தோம், போதவில்லை, மறுபடி இதைச் செய்தோம்’ என்று எழுத்தே பேசுகின்றது.

ஆனால் அந்நூலில் புள்ளி இல்லை. மெய்யெழுத்தின் தலையில் நாம் இடும் புள்ளியைச் சொல்கிறேன். ‘தமபிரான வணககம’ என்றே எழுத்துகள் நிற்கும். படிப்பவர்தாம் இடம் பார்த்து மெய் எது, உயிர்மெய் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கரணியம் எளிது. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகலின் ஏடெழுதியோர் புள்ளியை விட்டுவிட்டனர். அச்சு வார்த்தவர் ஏட்டைப் பார்த்து வார்த்தனர். ஈயத்திற்குக் கிழிபடும் அச்சமே இல்லை. எனினும் ஓலையின் வரம்பு ஈயத்திற்குள் வந்து குடியேறிற்று. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் அப்படியே காணாமற்போய், பின்னாளில் வீரமாமுனிவர் (1680–1747) கைக்கு வந்தபின்னரே இன்றுள்ள வடிவில் நிலைபெற்றது. பழைய கருவியின் முடம் புதிய கருவியிலும் தொடர்வது இன்று நேற்றைய நோயன்று; தமிழச்சின் முதற் பக்கத்திலேயே தொடங்கியது.

இங்கிருந்து தெற்கே, தூத்துக்குடியைக் கடந்து, பொருநை கடலில் விழும் இடத்தில் புன்னைக்காயல் இருக்கிறது. 1586-இல் வெளிவந்த ‘அடியார் வரலாறு’ என்னும் 600 பக்கத்திற்கு மேற்பட்ட பெருநூல் அங்கு அச்சானதாகக் கருதுவர். இப்பழைய அச்சுநூல்களை ஐரோப்பிய நூலகங்களில் தேடிச் சென்று, தமிழுலகிற்கு எடுத்துச் சொன்னவர்களுள் தனிநாயக அடிகள் (1913–1980) தலையாயவர். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் நிறுவியவரும், 1952-இல் தமிழ்ப் பண்பாடு குறித்து ஆங்கிலக் காலாண்டிதழ் தொடங்கியவரும் அவரே.

அடுத்து, தரங்கம்பாடிக்கு வருவோம். சீகன்பால்கு 1713-இல் செருமனியின் ஆலே நகரிலிருந்து தமிழெழுத்துகளை வார்ப்பித்து வரவழைத்தார். வந்த எழுத்துகளோ மிகப் பெரியவை. அவ்வளவு பெரிய எழுத்தால் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் தாள் போதாது. தாளோ கப்பலில் வரவேண்டும். என்ன செய்தார்கள்? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டியைப் பொதிந்து அனுப்பிய ஈயத்தகட்டை உருக்கிச் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். நூலின் பிற்பகுதியை அச்சிறிய எழுத்தால் முடித்து 1715-இல் வெளியிட்டார்கள். அருகிலுள்ள பொறையாற்றில் அதே ஆண்டு தாளாலை ஒன்றும் அமைத்தார்கள்.

தம்பிகளே, என் தொழிலின் அன்றாடச் சிக்கல் முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. எழுத்துப் பெரிதானால் தாள் செலவு. எழுத்துச் சிறிதானால் கண் செலவு. மாத இதழ் 16 பக்கமாகவோ 32 பக்கமாகவோ வரும். அச்சுத்தாளை மடிக்கும் கணக்கு அப்படி. செய்தி 17-ஆம் பக்கத்தில் நாலு வரி வழிந்தாலும் அடுத்த மடிப்புக்குத் தாள் வாங்கவேண்டும். நம்மைப் போன்றோர் நடத்தும் இதழ்களில் அதற்குப் பணம் இராது. அப்போது ஆசிரியர் வடிவமைப்பாளன் முகத்தைப் பார்ப்பார். அவன் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: எழுத்தைச் சிறிதாக்கலாம், வரிகளை நெருக்கலாம், எழுதியவரிடமே திரும்பிச் சென்று, ‘ஐயா, நாலு வரி குறைத்துத் தாருங்கள்’ என்று கேட்கலாம். முதலிரண்டும் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்துவிடும். மூன்றாவதற்குப் பேசவேண்டும், காத்திருக்கவேண்டும், சில வேளை திட்டு வாங்கவேண்டும். நான் மூன்றாவதையே செய்யச் சொல்வேன். எழுதியவர் குறைத்தால் சொல் குறையும், பொருள் நிற்கும். பொறி நெருக்கினால் சொல் முழுதும் நின்றும் படிப்பவர் இல்லாமற்போவார்.

அளவு என்பதை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாகக் கையாண்டனர் என்பதற்குத் தொலைவு போகவேண்டா. முத்துக்குளிப்புக் காலத்தில் முத்தை அளவு பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதற் சல்லடையில் 20 துளை. பத்தாவதில் 1000 துளை. துளை கூடக்கூடக் கண் சிறுக்கும். ஒரு முத்து எந்தச் சல்லடையில் நிற்கிறதோ அந்த எண்ணே அதன் அளவு. இக்கடலில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்போடு அத்தொழில் நின்றுபோனது. முத்தைச் சல்லடையின் கண்ணுக்குள் அடித்து நுழைத்தவர் எவரும் இலர். முத்துக்கேற்பச் சல்லடையை மாற்றினர். வலையிலும் அப்படித்தானே? மீனுக்கேற்றவாறு வலைக்கண் அமைகிறது.

இனித் தமிழெழுத்துக்கு ஏற்ற கண் எது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல இசைவு தாருங்கள்.

முதலாவது, வரியிடை. எழுத்தின் அளவைப் புள்ளிக் கணக்கில் சொல்வோம். ஓர் அங்குலத்திற்கு 72 புள்ளி. பக்கம் அமைக்கும் மென்பொருள்கள் 10 புள்ளி எழுத்துக்கு 12 புள்ளி வரியளவைத் தாமே வைத்துக்கொள்கின்றன. உரோம எழுத்துக்கு அது போதும். தமிழில் மேலே புள்ளியும் இகர ஈகாரக் கொக்கிகளும் நிற்கும். கீழே உகர ஊகாரச் சுழிகள் தொங்கும். மேல்வரியின் ‘ழு’ கீழ்வரியின் ‘கீ’ தலையில் இடிக்கும். வரிகளுக்கு நடுவே கண் வழுக்கிச் செல்லும் வெள்ளைப் பாதை அடைபட்டுவிடும். அதே 10 புள்ளி எழுத்துக்கு 14 புள்ளியாவது வரியளவு கொடுத்துப் பாருங்கள். கூட்ட நெரிசலில் இருந்து கடற்கரைக்கு வந்தது போல் இருக்கும்.

இரண்டாவது, எழுத்திடை. நெடும்பத்தியின் இரு ஓரமும் சுவர் வைத்தாற்போல் நேராக நிற்கவேண்டும் என்பது ஒரு பழக்கம். (‘பத்தி’ என்னும் ஒரே சொல்லை ஆங்கிலத்தின் இரு வேறு பொருளுக்கும் வைத்துக்கொண்டு அச்சகத்தில் நாங்கள் பட்ட குழப்பம் கொஞ்சமன்று. ஆகையால் பக்கத்தை நெடுக்காகப் பிரிப்பதை நான் ‘நெடும்பத்தி’ என்றே சொல்லி வருகிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.) ஓரம் நேராக நிற்க, பொறியானது சொல்லிடையை இழுக்கும், அதுவும் போதாதென்றால் எழுத்திடையை இழுக்கும். உரோம எழுத்துகள் தனித்தனியே நிற்பவை. சற்று விலகினாலும் கெடுதி சிறிது. நம் எழுத்தில் ‘கொ’ என்பது கொம்பும் ககரமும் காலும் சேர்ந்த ஒன்று. இழுத்தால் கால் விலகிப் போய்த் தனியெழுத்துப் போல் நிற்கும். ஏட்டில் காலும் ரகரமும் ஒரே வடிவில் இருந்து படிப்போரை மயக்கிய காலம் ஒன்று இருந்தது. அம்மயக்கத்தை நாம் காசு கொடுத்து மீண்டும் வாங்குகிறோம். ஔகாரக் குறியோ பார்வைக்கு ளகரமே. ‘கௌ’ என்பதன் பின்னுறுப்புச் சற்றே விலகினால் அஃது ‘கெள’ என்று ஈரெழுத்தாய்ப் பிரிந்து நிற்கும். பிழை திருத்துபவர் எழுத்தைப் பார்த்துப் பிழையில்லை என்பார். படிக்கும் பிள்ளை தவறாகவே படிக்கும்.

மூன்றாவது, சொல்லின் நீளம். தமிழ்ச்சொல் வேரோடு ஈறும் இடைநிலையும் உருபும் சேர்ந்து நீள்வது. ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்காக’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கில இதழைப் பார்த்துப் பக்கத்தை மூன்று நான்கு நெடும்பத்திகளாகக் கூறுபோட்டால், ஒரு வரியில் இரண்டு சொல்லுக்கு மேல் அடங்கா. நடுவில் வெள்ளை ஓட்டைகள் விழும். சிறிய இதழுக்கு ஒரே நெடும்பத்தி. பெரிய இதழுக்கு இரண்டு. வலப்பக்க ஓரம் ஏற்றத்தாழ்வாக இருந்தால் இருக்கட்டும். கரையோரம் நேர்கோடாகவா இருக்கிறது?

நான்காவது, சொல்லை எங்கே முறிப்பது என்பது. இதில்தான் தமிழறிவு இல்லாத வடிவமைப்பாளன் அகப்பட்டுக்கொள்வான். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலாக வாராது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. வரியின் முதலிலும் மெய்யெழுத்தை நிறுத்தாமல் இருப்பது அந்நெறியின் நீட்சி என்றே கொள்கிறேன். ‘பலகை’யைப் ‘பல’ என்று ஒரு வரியிலும், ‘கை’ என்று மறுவரியிலும் வைத்தால் படிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார். ‘தாமரை’யைத் ‘தா’ என்றும், ‘மரை’ என்றும் வெட்டினால் பூ போய் மான் வந்து நிற்கும். நீங்கள் சிரிக்கிறீர்கள். தலைப்பில் நேர்ந்தால் சிரிக்க முடியாது.

நான் முன்னர்ப் பணியாற்றிய கிழமை இதழ் ஒன்றில் இது நேர்ந்தது. இதழின் பெயர் வேண்டா. உப்பளத் தொழிலாளரின் கூலி பற்றிய கட்டுரை. ‘உப்பளத்தார் கூலி உயரவில்லை’ என்பது எழுதியவர் தந்த தலைப்பு. மற்றோர் அமைப்பாளர் அதைப் பெரிய எழுத்தில் இரண்டு வரியாக வைத்தார். மேல்வரி ‘உப்பளத்தார் கூலி உயர’ என்று முடிந்தது. ‘வில்லை’ கீழே இறங்கிவிட்டது. அதற்கடியில் ஒரு மருந்துக்கடை விளம்பரம். உடல்நோவு வில்லைக்கான விளம்பரமாகவே அது படிந்துவிட்டது. தலைப்பை மாற்ற நேரம் இருந்தது. ஆசிரியர் குழுவில் ஒருவர், ‘படிக்கிறவனுக்குப் புரியும், விடு’ என்றார். அதே இதழில் வேறொரு கிழமை, மீனவர் வலைச்சேதம் பற்றிய இரண்டு பக்கக் கட்டுரைக்கு நடுவே அரைப்பக்க விளம்பரம் கடைசி நேரத்தில் வந்தது. 11 புள்ளி எழுத்தை 8 புள்ளியாக்கு என்று ஆணை. நான் மறுத்துப் பேசினேன், நடக்கவில்லை. அந்தக் கட்டுரை யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுள் பலர் நாற்பதைக் கடந்தவர்கள். உப்பின் வெண்மையிலும் கடல்நீரின் பளபளப்பிலும் கண் கூசி உழைப்பவர்கள். அவர்களுக்கு அந்த எழுத்து எறும்புச் சாரை. விளம்பரமோ 24 புள்ளியில் தெளிவாக நின்றது. எவர் சொல் கேட்கப்பட வேண்டும் என்பதை அந்தப் பக்கத்தில் எழுத்தின் அளவே தீர்ப்புச் செய்துவிட்டது.

சாய்வெழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் அழுத்திச் சொல்லவேண்டிய சொல்லைச் சாய்த்துப் போடுவார்கள். அவர்களுக்கு அது கையெழுத்து மரபிலிருந்து வந்த தனியெழுத்து. தமிழில் சாய்வெழுத்து என்பது நின்ற எழுத்தைப் பொறி இடித்துத் தள்ளியது. மரபு ஏதும் அதற்கு இல்லை. தேவையும் இல்லை. ‘அவன் சொன்னான்’ என்பதை அழுத்த நமக்கு ‘அவனே சொன்னான்’ என்னும் ஏகாரம் இருக்கிறது, ‘அவன்தான்’ இருக்கிறது. அழுத்தம் சொல்லுக்குள்ளேயே இருக்கும் மொழிக்கு எழுத்தைச் சாய்க்கும் வேலை எதற்கு?

ஈய எழுத்துக் காலத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அச்சுக்கோப்பவர் ஒவ்வோர் எழுத்தாகப் பெட்டியறையிலிருந்து எடுத்து, இடவலம் மாறி நிற்கும் எழுத்தைப் படித்துக் கோத்தார். தமிழுக்கு அறைகள் மிகுதி. பெரியார் 1935 முதல் தம் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்மையை 1978-இல் தமிழக அரசு ஆணையாக்கியது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசை, ணை, லை, ளை, னை என 13 எழுத்துகளின் தனிவடிவங்கள் மாறின; அத்தனை அறைகள் குறைந்தன. சீர்மை வேண்டும், வேண்டா என்று அறிஞர் வழக்காடினர். அச்சுக்கோப்பவரின் விரல்களை எவரும் கேட்கவில்லை. தலைப்புகளை ஓவியர்கள் கையால் எழுதினர். ஓவியர் ஆதிமூலம் (1938–2008) இதழ்களுக்கும் நூல்களுக்கும் வரைந்த தலைப்பெழுத்துகளை எடுத்துப் பாருங்கள். ஒன்றுகூட உரோம எழுத்தின் நிழலில் நிற்பதன்று. தூரிகை தமிழெழுத்தின் சுழியை அறிந்து சென்ற தடம் அது.

பிறகு மறுதோன்றி அச்சு வந்தது; ஒளியச்சு வந்தது; கணினி வந்தது. கணினியால் இதழ் நடத்துவது எளிதாயிற்று என்பதை மறுக்கமாட்டேன். பத்துப் பேர் செய்த வேலையை ஒருவர் செய்யலாம். ஆனால் 1990-களில் ஒவ்வொரு குழுமமும் தனக்கென ஓர் எழுத்துருவை ஆக்கி, அகரத்தை ஒருவர் ஓரிடத்திலும் மற்றவர் வேறிடத்திலும் வைத்தனர். ஓர் எழுத்துருவில் அமைத்த பக்கத்தை அஃது இல்லாத கணினியில் திறந்தால், உரோம எழுத்தும் குறிகளுமாகக் கொட்டும். 1999-இல் சென்னை மாநாட்டின் வழியே தரக் குறிமுறைகளும் ‘தமிழ்99’ விசைப்பலகையும் வந்தன. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறிமுறையையும் ஏற்றது. பக்கம் அமைக்கும் மென்பொருள்களில் ஒருங்குறித் தமிழ் ஒழுங்காக நிற்கவோ மேலும் காலம் பிடித்தது. இடைப்பட்ட காலத்தில் அமைத்த இதழ்ப் பக்கங்களின் நிலை என்ன? பல சிற்றிதழ்களின் கோப்புகள் பழைய வட்டுகளில் கிடக்கின்றன. திறந்தால் படிக்க ஆளில்லை. 1578-இல் அச்சான 16 பக்கம் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. 1996-இல் அமைத்த பக்கம் தெரியவில்லை. தாளில் அச்சான படி எவர் வீட்டுப் பரணிலாவது இருந்தால்தான் உண்டு.

பரணை எள்ளி நகையாட வேண்டா. கோட்டையூர் உரோசா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். எழுத்தோடு உறவாடிய அக்கை நூல்களையும் இதழ்களையும் அறிவிப்புத் தாள்களையும் வாழ்நாளெல்லாம் தொகுத்தது. அத்தொகுப்பே 1994 முதல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றது.

இத்தொழிலுக்கு வர விரும்பும் தம்பி தங்கைகளுக்குச் செய்முறையாகச் சில சொல்கிறேன். மென்பொருள் கற்க மூன்று திங்கள் போதும். அதைக் கற்றுத்தரத் தூத்துக்குடியிலேயே இடங்கள் உண்டு. அதற்கு முன் புணர்ச்சி விதியைக் கற்றுக்கொள்ளுங்கள். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்று அறியாதவர் வரி நிரம்பவில்லை என்று ஒற்றைத் தட்டிவிடுவார். ‘தமிழ்க் கல்வி’ என்பது ‘தமிழ் கல்வி’ ஆகிவிடும். கட்டுரையை முழுதும் படித்துவிட்டுப் பக்கத்தைத் தொடுங்கள். படிக்காமல் பக்கம் அமைப்பவர்கள் இத்தொழிலில் மிகப் பலர். ஒவ்வோர் இதழையும் மூன்று வகையாகச் சேமியுங்கள்: ஒருங்குறியில் வெறும் எழுத்தாக ஒன்று, பக்க உருவமாக ஒன்று, தாளில் அச்சான படி ஒன்று. ஊதியத்தைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன். நம் போன்ற இதழ்களை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது. திருமண அழைப்பும் கடைப்பலகையும் விளம்பரத்தாளும் செய்துதான் நான் வீட்டு வாடகை கொடுக்கிறேன். அந்த அழைப்பிதழிலும் ‘கௌ’ உடையாமல் நிற்கவேண்டும் என்று பார்ப்பேன், அவ்வளவே.

வாயிலருகே மேசைமேல் சில தாள்கள் வைத்திருக்கிறேன். ஒன்று ‘தம்பிரான் வணக்கம்’ கடைசிப் பக்கத்தின் பெருக்கிய ஒளிப்படம். இரு வார்ப்புகளும் அதில் தெரியும். மற்றவை, ஒரே கட்டுரையை 12 புள்ளி வரியளவிலும் 14 புள்ளி வரியளவிலும் 15 புள்ளி வரியளவிலும் அமைத்தவை. எழுத்தின் அளவு மூன்றிலும் ஒன்றே. பெரியவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துப் பார்த்து, எது எளிது என்று தாளின் மேல் ஒரு கோடு இட்டுச் செல்லுங்கள். மிகுதியான கோடு எதில் விழுகிறதோ அதனை அடுத்த திங்கள் இதழுக்கு அளவாக வைக்க ஆசிரியர் இசைந்திருக்கிறார். எழுதுகோல் மேசையிலேயே இருக்கிறது.